கார் ரேடியோவை மாற்றுங்கள், ஆனால் வயரை வெட்ட விடாதீர்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறோம். எங்களிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட். போன மாதம் பெற்றரி மாற்றியதிலிருந்து காரோடு வந்த ரேடியோ வேலை செய்யவில்லை. திரையில் ஜப்பானிய எழுத்து வருகிறது, ஏதோ கார்ட் கேட்கிறது. அதற்கு முன்பும் 90க்கு மேல் எந்த வானொலியும் எடுக்காது. தெரிந்த ஒருவர் மருதானையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். ஆண்ட்ராய்ட் செட் ஒன்று போட்டுத் தருவதாகவும், பழைய செட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பதாகவும் சொன்னார்கள். வேறு செட் போட்டால் ஹைபிரிட் பகுதி பழுதாகும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ரேடியோ சாதாரண 12 வோல்ட் பெற்றரியில் வேலை செய்கிறது. ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்தம் செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் தனியாக ஓடுகிறது. ரேடியோவுக்குப் பின்னால் அது வருவதில்லை. டாஷ்போர்டைத் திறக்கும்போது பயப்பட வேண்டியது, வயர்களை இணைக்கும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கப்ளர்களுக்குத்தான். அவை எயார்பேக்குக்கு உரியவை. ரேடியோ வேலைக்கு அவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவரை உடனே நிறுத்துங்கள்.

உறவினர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கும். செட் மாற்றிய சில நாட்களில் ஹைபிரிட் கார் உயிர் பெறாமல் நின்ற கதையை அவர் கேள்விப்பட்டிருப்பார். அப்படி நடப்பது உண்டு, ஆனால் குற்றம் ஹைபிரிட்டில் இல்லை. செட்டைத் தவறாகப் பொருத்தியதால் சிறிய 12 வோல்ட் பெற்றரி இறங்கியிருக்கும். அது இறங்கினால் ஹைபிரிட்டின் பெரிய பெற்றரி நிறைந்திருந்தாலும், கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாது.

தவறான பொருத்தல் எங்கே தொடங்குகிறது என்றால், வயர் வெட்டும் கட்டரில்.

உங்கள் பழைய செட்டின் பின்னால் டொயோட்டாவின் இரண்டு கப்ளர்கள் இருக்கும், 10 முனையுள்ளது ஒன்று, 6 முனையுள்ளது ஒன்று. புதிய செட்டில் அந்த வடிவம் இருக்காது. இதற்கென்று ஒரு பக்கம் டொயோட்டா கப்ளரும் மறுபக்கம் புதிய செட்டின் வயரும் கொண்ட இணைப்புக் கப்ளர் விற்கிறார்கள். செட்டின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் கடையில் வேலை செய்கிறவருக்கு அதைத் தேடி எடுப்பதைவிட உங்கள் கார் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவது சுலபம். "எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம்" என்பார். எல்லாருடைய காரையும் வெட்டியிருக்கிறார் என்பதைத் தவிர அதில் வேறு அர்த்தம் இல்லை.

வெட்டிய பிறகு நிறத்தைப் பார்த்து இணைப்பார்கள். புதிய செட்டில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயர், சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர், கறுப்பு எர்த். டொயோட்டாவில் இதே மூன்றும் மஞ்சள் கோடு போட்ட நீலம், சாம்பல், மண்ணிறம். ஒரு நிறம்கூடப் பொருந்தாது. முதல் இரண்டும் மாறிப்போனால் காரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். அந்தத் தொல்லையைத் தீர்க்கிறேன் என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது செட் அணையவே அணையாது, பெற்றரி இறங்கும். உங்கள் உறவினர் சொன்ன கதை இதுதான்.

டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பு வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்குள் கறுப்பு டேப்பின் பசை இளகி வழுக்கும். முறுக்கிய வயர் ஒரு நாள் உலோகத்தில் படும். மஞ்சள் வயரில் இருக்கும் பியூஸ் அந்த நாளுக்காக வைத்தது. அதை எடுத்துவிட்டு வயரால் நேரடியாக இணைத்த கார்களையும் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கவும் வாய்ப்புள்ள வேலை அது. எங்காவது ஒரு வயரைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஈயம் வைத்து ஒட்டி, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, 90க்கு மேல் ஏன் எடுக்கவில்லை? ஜப்பானில் எஃப்எம் வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. 90க்கு மேல் அங்கே பழைய தொலைக்காட்சி அலைவரிசைகள். 2011இல் அந்தத் தொலைக்காட்சி முறையைப் பெரும்பாலும் நிறுத்திய பிறகே 95 வரை வானொலிக்கு இடம் கொடுத்தார்கள். நமது இலங்கையில் 108 வரை வானொலிகள் நிறைந்திருக்கின்றன. தமிழ் வானொலிகளான சூரியனும் சக்தியும் 100க்கு மேலே இருக்கின்றன. ஆக, உங்கள் செட் பழுதில்லாமல் இருந்த காலத்திலும் தமிழ் வானொலி கேட்க அது உதவவில்லை.

இதற்கு 'எக்ஸ்பாண்டர்' என்று ஒரு சிறு பெட்டியை அன்டெனா வயரில் மாட்டுவார்கள். மேலே இருக்கும் வானொலிகளைக் கீழே இறக்கிக் காட்டும். 88 முதல் 108 வரையான 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை, 76 முதல் 90 வரையான 14க்குள் அடக்க முடியாது என்பதால் சில நிலையங்கள் எப்படியும் விடுபடும், திரையில் தெரியும் எண்ணும் பொய்யாக இருக்கும். பெற்றரியைக் கழற்றியதால் பூட்டிக்கொண்ட பழைய செட்டைத் திறக்க ஒரு தொகை, எக்ஸ்பாண்டருக்கு ஒரு தொகை என்று உங்களைச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காசைப் புதிய செட்டில் போடுங்கள்.

ஆனால் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் "ஜப்பான் ஒரிஜினல், பாவித்தது, அருமையான சத்தம்" என்று அடுக்கி வைத்திருக்கும் செட்களை வாங்காதீர்கள். கரொட்ஸேரியா என்பது ஜப்பானுக்குள் விற்கும் பயனியர். சத்தம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உங்கள் பழைய செட் போலவே 90இல் நின்றுவிடும், ஜப்பானிய மொழியில்தான் பேசும். அப்படி ஒன்றை வாங்கிவிட்டு எக்ஸ்பாண்டர் தேடி அலைகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உங்களைக் கடைக்குக் கூட்டிப்போன அந்தத் 'தெரிந்த ஒருவர்' பற்றியும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் வாடிக்கையாளரை அழைத்து வருகிறவருக்குத் தரகு உண்டு, அது உங்கள் பில்லுக்குள்தான் இருக்கும். அவர் நல்லவராக இருக்கலாம். இருந்தாலும் ஒரு முறை தனியாகப் போய் செட், அதைச் சுற்றி வரும் முகப்பு பிரேம், இணைப்புக் கப்ளர், கூலி என்று நான்கு விலையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "பொருத்துவது இலவசம்" என்ற இடத்தில் கப்ளர் இருக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டைக் கொடுக்கவே வேண்டாம். உங்களுக்குக் குப்பை போலத் தெரியும் அந்தச் செட்டைத் திறக்கும் எண் அவர்களுக்குக் கிடைக்கும். திறந்து இன்னொருவருக்கு விற்பார்கள். கப்ளர் வெட்டப்படாமலும் பழைய செட் கையிலும் இருந்தால், நாளை காரை விற்கும்போது அரைமணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம்.

எந்தச் செட்? பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். செட்டின் பின்னால் உள்ள பியூஸைப் பாருங்கள். 10 அம்பியர் என்றிருந்தால், 12 வோல்ட்டோடு பெருக்கினால் 120 வாட். உள்ளே போகும் மின்சாரமே அவ்வளவுதான், வெளியே 1000 வாட் எப்படி வரும்? நல்ல செட்டிலும் ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்தான் உண்மையாக வரும், அது போதும்.

மலிவான ஆண்ட்ராய்ட் செட்களில் நினைவகத்தின் அளவையும் ஆண்ட்ராய்ட் பதிப்பையும் கூட்டிக் காட்டும்படி செய்து அனுப்புகிறார்கள். செட்டிங்கைத் திறந்து காட்டுவது ஆதாரமாகாது. வரைபடத்தை ஓடவிட்டு, அதோடு பாட்டும் போட்டு, ரிவர்ஸில் போட்டுப் பாருங்கள். திணறினால் வேண்டாம். என் தெரிவு, உள்ளூர் முகவரின் உத்தரவாதம் உள்ள, ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்ட் ஓட்டோவும் ஏற்கும் சாதாரண 7 அங்குல செட். மூளை வேலையை உங்கள் கைபேசி செய்யும், செட் சீக்கிரம் பழசாகாது. ஒரு பென்டிரைவில் தமிழில் பெயரிட்ட பாட்டுகளைக் கொண்டுபோங்கள். பல செட்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாக வரும். நம் பாட்டின் பெயரை நம் எழுத்தில் காட்டாத செட்டுக்கு நாம் ஏன் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்?

அளவு பற்றி ஒரு வரி: டொயோட்டாவின் இடைவெளி 200 மில்லிமீற்றர் அகலம், பொதுவான செட் 180. பக்கத்துக்கு ஒன்றாக நிரப்புத் துண்டுகள் கிடைக்கும். டாஷ்போர்டை அறுக்கத் தேவையில்லை.

இனி ரிவர்ஸ் கெமரா. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கப்ளர் சரியாகப் போட்ட இடத்திலும் இதில் கெட்டுவிடுகிறது. டொயோட்டாவின் சில கெமராக்கள் 12 வோல்ட்டில் வேலை செய்வதில்லை. அவற்றுக்கு 6 வோல்ட்தான் தேவை, அதைப் பழைய செட்டே கொடுத்துக்கொண்டிருந்தது. செட்டைக் கழற்றியதும் கெமராவுக்கு மின்சாரம் இல்லாமல் போகும். வேலை செய்கிறவர் வழக்கம்போல ரிவர்ஸ் விளக்கிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கொடுப்பார். படம் வந்தாலும் நீடிக்காது, கெமரா எரிந்துவிடும். "கெமரா பழசு, அதுதான் போய்விட்டது" என்று புதிதாக ஒன்றை உங்களுக்கு விற்பார்கள். கெமராவின் கேபிள் செட்டுக்கு வரும் இடத்தில் வட்டமான மஞ்சள் பின் இருந்தால், அது பெரும்பாலும் இங்கே பிறகு போட்ட கெமரா. 12 வோல்ட் பிரச்சினையில்லை. சிறிய சதுரக் கப்ளராக இருந்தால் காரோடு வந்ததாக இருக்கக்கூடும். அப்போது பழைய செட் மாட்டியபடியே இருக்க, காரை ரிவர்ஸில் போட்டு, கெமராவுக்குப் போகும் மின்னழுத்தத்தை மீட்டரால் அளக்க வேண்டும். கழற்றிய பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. 6 என்று காட்டினால், அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கெமரா இணைப்பு தனியாக விற்கிறார்கள், அதைப் போட வேண்டும். அளக்க மீட்டர் இல்லை, தேவையில்லை என்று சொல்லும் கடையில் உங்கள் காரை விடாதீர்கள்.

90இல் நிற்கும் ரேடியோவும், ஒருவராலும் வாசிக்க முடியாத கையேடும், பெற்றரி கழற்றினால் பூட்டிக்கொள்ளும் செட்டுமாகக் கார்கள் எத்தனையோ ஆண்டுகளாக இந்த நாட்டில் இறங்குகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில் கிடைத்த காலத்தில் இந்த நாட்டு வானொலி கேட்கும் செட்டோடுதான் கார் விற்க வேண்டும் என்று யாராவது யோசித்திருக்கலாம். வெள்ளம் வந்தால் வானொலியைக் கேளுங்கள் என்கிறோம். எந்த வானொலியில் கேட்பது? வரியை எண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனது எனக்குக் கோபத்தைத் தருகிறது. விற்பவர் இறக்குமதியாளரைக் காட்டுகிறார், இறக்குமதியாளர் ஜப்பானைக் காட்டுகிறார், செலவு கடைசியில் உங்கள் தலையில்.

வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே வைத்துச் சில விஷயங்களைப் பாருங்கள். புதிய செட்டில் வானொலிப் பிரதேசம் என்று ஒரு தெரிவு இருக்கும். அமெரிக்கா என்று வைத்திருந்தால் 99.5இலிருந்து 99.7க்குத் தாவும், 99.6 அகப்படாது. ஐரோப்பா என்று மாற்றச் சொல்லுங்கள். நகருக்குள்ளேயே வானொலி இரைந்தால், அன்டெனாவுக்கு மின்சாரம் கொடுக்கும், புதிய செட்டின் நீல வயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கொழும்பில் அலை பலவீனம் என்ற கதையை ஏற்காதீர்கள். காரை நிறுத்தி, கதவை மூடி, அரைமணி நேரம் கழித்துப் பெற்றரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். முழுக் காருக்கும் சேர்த்து 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், செட் முழுதாக அணையாமல் காத்திருக்கும் 'ஸ்லீப்' தெரிவை நிறுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

பில்லில் செட்டின் மொடல் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்கட்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பில்லின் பிரதியோடு காப்புறுதி நிறுவனத்துக்கும் செட் மாற்றியதை எழுத்தில் அறிவியுங்கள். பழைய செட்டை அதன் ஆணிகளோடும், கார்ட் ஏதாவது கிடைத்தால் அதோடும், ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வையுங்கள்.