கியர் வழுக்கினால் உடனே கியர்பாக்ஸை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

தம்பி, “பினாங்குக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, கேட்டரிங் வேலைக்குப் பழைய ஆட்டோ கியர் பிக்கப் வாங்கியிருக்கிறேன், ஜாலான் துன் சார்டோன் மேட்டில் பாலிக் புலாவ் போகும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது, பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அது பல ஆயிரம் வெள்ளிச் செலவு. காரணம் தெரியாமல் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

ஊரில் நாம் ஓட்டியது பெரும்பாலும் மேனுவல் வண்டி. வழுக்கினால் கிளட்ச் பிளேட் போச்சு என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆட்டோ கியரில் அப்படி இல்லை. உள்ளே பல கிளட்ச்கள் இருக்கும், அவற்றை அழுத்திப் பிடிப்பது கியர்பாக்ஸ் எண்ணெயின் அழுத்தம். அதனால் எண்ணெய் குறைந்தாலும் வழுக்கும், வால்வு மாட்டிக்கொண்டாலும் வழுக்கும், கிளட்ச் தேய்ந்தாலும் வழுக்கும்.

முதலில் ஒன்று உறுதியாக வேண்டும். மேட்டில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கியர் வழுக்குகிறது. ஆர்பிஎம்மும் ஏறாமல் வண்டி திணறினால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள், கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மலாய் தடுமாறினாலும் பொமென் (மெக்கானிக்) அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். எல்லா கியரிலும் வழுக்குகிறதா, ஒரே ஒரு கியர் மாறும்போது மட்டுமா என்பதும் அதில் தெரியும். எல்லாவற்றிலும் என்றால் எண்ணெய், ஃபில்டர், பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்த கியரின் கிளட்ச் அல்லது சொலினாய்டு (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு).

அப்புறம் எண்ணெய். இதைத்தான் நிறையப் பேர் பார்க்காமலே விடுகிறார்கள். பல புது மாடல்களில் அளவுக் குச்சியே கிடையாது. வண்டியைத் தூக்கி, எண்ணெய் சரியான சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள மூடியைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடச் சொல்லுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. கரும்பழுப்பாக, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) மாதிரி ரோஸ் நிறத்தில் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலரில் ஓட்டை விழுந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படி இருந்தால் ஒரு தெரு கூட ஓட்டாதீர்கள். அளவு மட்டும் குறைந்திருந்தால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, வண்டியின் கையேட்டில் சொன்ன அதே ரக எண்ணெயை ஊற்றினால் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடலாம்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க ஸ்கேனர் மாட்டினால், அதில் வரும் கோளாறுக் குறியீட்டு நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி0700 என்பது கியர் பக்கம் ஏதோ கோளாறு என்று மட்டும்தான் சொல்லும். அதைக் காட்டிக் கியர்பாக்ஸ் போச்சு என்றால் ஏற்காதீர்கள். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, பி0741 என்றால் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) லாக் ஆகவில்லை. கடைசியாக, கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். இரும்புச் சில்லும் கரித்தூளும் கிடந்தால்தான் ஓவர்ஹால் (பிரித்துப் பழுது பார்ப்பது) பேச்சு. அந்த நிலையில் மெஷின் வைத்துப் பழைய எண்ணெயைத் தள்ளி ஃப்ளஷ் அடிக்கக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், அது தேய்ந்த கிளட்சை மீட்காது.

ஓவர்ஹால்தான் என்று ஆனால், கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற பட்டறையில் இன்னொரு விலை கேளுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் விசாரியுங்கள். ஹாஃப்-கட் (வெட்டிப் பிரித்த பழைய வண்டியிலிருந்து எடுத்த) கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எத்தனை தூரம் ஓடியது என்று யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள். பாலம் தாண்டிப் போக வேண்டியிருந்தால் வழுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பின் சக்கரம் தரையில் உருள இழுக்கவும் விடாதீர்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது பம்ப் சுற்றாது, எண்ணெய் ஏறாமல் மிச்சமிருப்பதும் கெட்டுவிடும். மேலே ஏற்றிக்கொண்டு போகிற லோரியாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் இலவச டோயிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த டிஷ்யூவைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.