டெய்லர் லோரன்ஸ் செய்வது உண்மையிலேயே பத்திரிகை வேலையா?

“டிக்டாக் ஆட்டத்தைப் பற்றி எழுதுபவரையெல்லாம் பத்திரிகையாளர் என்கிறார்களே?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் நக்கல் தெரிகிறது. சரி, இணைய உலகத்தையும் அதன் பிரபலங்களையும் பற்றி எழுதும் அமெரிக்கரான லோரன்ஸின் ஒரு கட்டுரையை மட்டும் பார்ப்போம்.

2019 கடைசியில் ‘ரெனகேட்’ நடனம் டிக்டாக் முழுக்கப் பரவியது. ஆடிக் காட்டிய பிரபலங்களுக்குத்தான் பேரும் புகழும். அதை அமைத்ததோ அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் புறநகரில் இருந்த 14 வயது கறுப்பினச் சிறுமி. ஃபனிமேட் என்ற இன்னொரு செயலியிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர்தான் முதலில் போட்டிருந்தார். யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. லோரன்ஸ் தேடிப் பிடித்துப் பேசி, 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதே வாரம் அந்தச் சிறுமி அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் மேடையேறினார். யார் உழைப்பில் யார் சம்பாதிக்கிறார்கள் என்பது செய்தி இல்லையா என்ன?

டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் எழுதப் பழகியவர் லோரன்ஸ். ‘தி அட்லாண்டிக்’ இதழில் இருந்துவிட்டு 2019-இல் டைம்ஸுக்கும், 2022-இல் வாஷிங்டன் போஸ்ட்டுக்கும் போனார். அந்த ஆண்டே தாராளவாதிகளின் வீடியோக்களை எடுத்துப் போட்டுக் கேலி செய்யும் ‘லிப்ஸ் ஆஃப் டிக்டாக்’ (Libs of TikTok) என்ற ட்விட்டர் கணக்கை நடத்துபவர் யார் என்று வெளியிட்டு, வலதுசாரிகளிடம் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டார். லட்சக்கணக்கானோர் பின்தொடரும் கணக்கு. கேட்க வேண்டிய கேள்விதான் என்பது என் கட்சி. அப்புறம் 2024 அக்டோபரில் போஸ்ட்டையும் விட்டு, ‘யூசர் மேக்’ என்று சொந்தமாகச் செய்திமடல் தொடங்கினார். இத்தனை காலம் யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களைப் போலவே இப்போது அவரும் சந்தாதாரர்களை நம்பித்தான் இருக்கிறார்.