படத்தில் திருகாணி மட்டும் இருந்தால் "இணைப்பான்" என்ற சொல் அதற்குள் சுருங்கிவிடுமா?

சுருங்காது. உங்கள் பொருள் திருகாணிக்குப் பதிலாகப் பசையால் இணைக்கப்படுவதால் மட்டும் அது காப்புரிமைக்கு வெளியே நின்றுவிடாது. நீங்கள் காட்டியுள்ள அமெரிக்கக் காப்புரிமையின் முதல் கோரிக்கையில், அதாவது உரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகத்தில், "இணைப்பான்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கும்போது, படங்கள் அனைத்திலும் திருகாணியே இருப்பது மட்டும் பசையை அச்சொல்லின் வரம்பிலிருந்து விலக்கிவிடாது.

குழப்பத்துக்குக் காரணம், விவரணத்தின் (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியின்) துணையோடு சொல்லைப் புரிந்துகொள்வதையும், விவரணத்திலுள்ள எடுத்துக்காட்டைக் கோரிக்கைக்குள் புகுத்துவதையும் நீங்கள் ஒன்றாக எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் பிலிப்ஸ் எதிர் ஏடபிள்யூஹெச் வழக்கில், சிறைச்சுவர்ப் பலகைகளின் உட்புறத் தடுப்புத் தகடுகள் படங்களில் சாய்வாகவே காட்டப்பட்டிருந்தும், செங்கோணத்தில் அமைந்த தகடுகளும் "தடுப்புத் தகடு" என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றே அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தின் முழு அமர்வு கொண்டது. அகராதியைவிட விவரணத்துக்கே அதிக மதிப்பு என்றதும் அதே தீர்ப்புதான். அகராதிக்கே முதன்மை தருவது பலரும் செய்யும் பிழை.

சார்புக் கோரிக்கைகளை, அதாவது முதல் கோரிக்கையைச் சார்ந்து அதில் கூடுதல் வரம்பு சேர்க்கும் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். அவற்றுள் ஒன்று "அந்த இணைப்பான் ஒரு திருகாணி" என்று மட்டும் கூடுதலாகச் சொன்னால், முதல் கோரிக்கை அதைவிட விரிந்தது என்றே அனுமானிக்கப்படும்.

ஆனால், விண்ணப்பதாரர் அச்சொல்லுக்குத் தாமே வரையறை தந்திருந்தாலோ, பரிசீலனையின்போது முந்தைய கண்டுபிடிப்பைத் தவிர்க்கப் பசையைத் தெளிவாகக் கைவிட்டிருந்தாலோ, முடிவு தலைகீழாகலாம். ஆகவே பரிசீலனைக் கோப்பை (விண்ணப்பதாரருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் இடையே நடந்த கடிதப் பதிவை) பார்க்காமல் உங்கள் பொருளைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம்.