தலைமுறை மாறும்போது எண்ணிக்கையும் மாறுமா?

கேள்வி: என் தாத்தாவுக்கு, மூளையின் நரம்பு செல்கள் மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய் 60 வயதை நெருங்கும்போது தொடங்கியது, அப்பாவுக்கோ 42 வயதிலேயே வந்துவிட்டது. இறங்கி வருவது ஒரே மரபணுப் பிழைதான் என்றால், இந்த வேறுபாடு ஏன்? ஒரு பெண்ணாகிய எனக்கும் அது இருந்தால், என் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் வருமா?

பதில்: பிழை ஒன்றுதான், அதன் அளவுதான் மாறுகிறது. நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்னும் மூன்றெழுத்துத் துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. அது 26 முறை வரை வருவது இயல்பு. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் ஏறக்குறைய உறுதி. 36 முதல் 39 வரை உள்ளவர்களில் சிலருக்கு வரும், சிலருக்கு வராமலும் போகும். எண்ணிக்கை கூடக் கூட, பொதுவாக நோய் இளவயதிலேயே தலைகாட்டுகிறது.

ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க எழுதுபவர் எத்தனையாவது முறை என்று தடுமாறுவதைப் போல, இத்தகைய நீண்ட தொடரைப் படியெடுக்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் செல்லின் பொறியமைப்பு வழுக்கிவிடுகிறது. ஹன்டிங்டன் நோயில் பெரிய அதிகரிப்புகள் பெரும்பாலும் விந்தணு உருவாகும்போது நேர்கின்றன. ஆகவேதான் 20 வயதுக்குள் நோய் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் அதைத் தந்தையிடமிருந்து பெற்றவர்களாக இருக்கிறார்கள். தாய்வழி இறங்கும்போது எண்ணிக்கை பெரும்பாலும் சிறிதளவே மாறும், சில சமயம் குறையவும் செய்யும். இதை எல்லா நோய்களுக்குமான விதியாகக் கொள்ளக் கூடாது: அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஃப்ராஜைல் எக்ஸில் 55 முதல் 200 வரையிலான இடைநிலைத் தொடர் 200ஐத் தாண்டி முழு நோயாவது தாய்வழியில்தான்.

தலைமுறைதோறும் நோய் முந்தி வருவதை, ஆய்வுக்குக் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையால் எழும் மாயத்தோற்றம் என்று 1948இல் பிரிட்டிஷ் மரபியலாளர் லயனல் பென்ரோஸ் வாதிட்டார். 1990களின் தொடக்கத்தில் இந்த மரபணுத் தொடர்கள் கண்டறியப்பட்டபோது, நிகழ்வு உண்மையே என்று தெளிவாயிற்று. ஆனாலும் அவருடைய எச்சரிக்கையை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். தாத்தாவின் நோயை அறிந்த குடும்பம், அப்பாவிடம் தோன்றும் முதல் அறிகுறியையே கவனித்துவிடுமல்லவா?

உங்களுக்கு இந்தப் பிழை வந்திருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்திருந்தால், அப்பாவிடம் இருந்ததைவிட உங்கள் எண்ணிக்கை கூடியிருக்கலாம். உங்களிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பும் பாதிதான். சென்றாலும் பெரிய தாவல் அரிது. இரத்தப் பரிசோதனை எண்ணிக்கையைச் சொல்லும், நோய் தொடங்கும் ஆண்டைச் சொல்லாது. ஒரே எண்ணிக்கை உடைய இருவருக்கிடையே பல ஆண்டு வேறுபாடு இருப்பதுண்டு. பரிசோதனைக்கு முன்பே மரபியல் ஆலோசகரைச் சந்தித்து, முடிவை அறிய விரும்புகிறீர்களா என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.