கணினிக் கேள்வி-பதில்: ஐஎஸ்ஓ ஆக்கும் முன் அடுக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பதிவுகளையும் கண்ணகி அம்மன் குளிர்த்திப் (கோயிலின் இறுதிநாள் சடங்கு) படங்களையும் வட்டு எழுதும் மென்பொருளான இம்ஜ்பேர்னில் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக்கி (முழு வட்டின் படிமம்) டிவிடியில் எழுதினோம். திறந்தால் 'யூசர்ஸ்', 'டெஸ்க்டொப்' என்று கோப்புறைக்குள் கோப்புறையாகப் போகிறது. சில தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுந்துவிட்டன. ஏன்?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு பிழைகள்.

'ஒப்ஷன்ஸ்' பக்கத்தில் 'பிரிசேர்வ் ஃபுல் பாத்நேம்ஸ்' தெரிவாகியிருந்தால் உங்கள் கணினியின் பாதை முழுவதும் வட்டில் ஏறிவிடும். அதை எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னதாக, புதிதாக ஒரு வெற்றுக் கோப்புறை திறந்து, வட்டில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி முடியுங்கள். மென்பொருளுக்குள் அந்த ஒரு கோப்புறையை மட்டும் சேருங்கள். இதுதான் வட்டின் 'ரூட்' (முதல் மட்டம்) ஆ என்று அது கேட்கும். 'யெஸ்' கொடுத்தால் உள்ளே இருப்பவை நேரே முதல் மட்டத்துக்கு வரும்.

முதல் மட்டத்தில் 01_வடமோடி, 02_தென்மோடி, 03_குளிர்த்தி என மூன்று கோப்புறைகளே போதும். 1, 2 என்று வெறுமனே போட்டால் சில பிளேயர்களில் 10 ஆவது பதிவு 2 க்கு முன்னே வந்து நிற்கும். வட்டில் கோப்புகளை அடுக்கும் பழைய ஐஎஸ்ஓ 9660 முறை, கோப்புறைக்குள் கோப்புறையாக 8 மட்டம் வரைதான் அனுமதிக்கும். நீங்கள் மூன்று மட்டத்தைத் தாண்டாதீர்கள், தேடுபவருக்கும் அதுவே இலகு.

பெயர் அறுவதற்குக் காரணம், ஐஎஸ்ஓ 9660 உடன் சேர்ந்து தமிழ் போன்ற பிற மொழிப் பெயர்களைத் தாங்கும் ஜோலியட் முறையின் 64 எழுத்து எல்லை. நாம் எண்ணுவது போல அது எண்ணுவதில்லை. 'குளிர்த்தி' நமக்கு 5 எழுத்து. மெய்ப்புள்ளி, உகரக்குறி, இகரக்குறி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணுவதால் கணினிக்கு 10. கோப்பின் பின்னொட்டும் (.mp4 போன்றது) இந்த 64 க்குள்தான். ஆகவே தமிழ்ப் பெயரை 25 எழுத்துக்குள் அடக்குங்கள். 'அம்மன் கோயில் இறுதிநாள் சடங்கு' போன்ற விளக்கத்தைப் பெயரில் ஏற்றாமல், ஒரு பட்டியல் கோப்பில் எழுதி முதல் மட்டத்திலேயே வையுங்கள். 'ஃபைல் சிஸ்டம்' தெரிவில் ஐஎஸ்ஓ 9660, ஜோலியட், யூடிஎஃப் மூன்றும் சேர்ந்ததை எடுங்கள். டிவிடிக்கான புதிய முறையான யூடிஎஃப், தமிழ்ப் பெயரில் இதே கணக்கில் 127 எழுத்து வரை தாங்கும். தனி ஐஎஸ்ஓ 9660 இல் தமிழே நிற்காது. வட்டின் தலைப்புக்கு ஜோலியட் தருவது 16 இடம்தான்.

ஐஎஸ்ஓ ஆன பின் இம்ஜ்பேர்னில் அதன் உள்ளே எதையும் மாற்ற முடியாது; திருத்தம் வந்தால் மூலக் கோப்புறையைத் திருத்தி மறுபடி ஆக்க வேண்டும். விண்டோஸ் 10 இல் ஐஎஸ்ஓவை இரட்டைச் சொடுக்கினால் ஒரு டிரைவாகத் திறக்கும். எழுதும் முன் அங்கே பெயர்களையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்.

கேள்வி: 4.2 ஜிபி ஐஎஸ்ஓ என் 16 ஜிபி பென் டிரைவில் ஏற மறுக்கிறது. இடம் தாராளமாக உள்ளது.
- வாசகி, கல்முனை

பதில்: பென் டிரைவ் ஃபாட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளிருப்பதை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோமட் செய்யுங்கள். 4.7 ஜிபி டிவிடியில் விண்டோஸ் கணக்குப்படி 4.38 ஜிபிதான் கொள்ளும்; உங்களுடையது அடங்கும்.