ஊதினால் ஓடுமா?

கேள்வி: நீங்கள் முதன்முதலில் விளையாடிய வீடியோ கேம் எது? கேசட்டை ஊதி ஊதிப் போட்டு மாரியோ விளையாடிய அந்தச் சுகம் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: 'ஊதி' என்று எழுதிவிட்டீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். ஊதியதால் எந்தக் கேசட்டும் ஓடவில்லை. கேசட்டின் அடியில் பல்வரிசை மாதிரி சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ கம்பெனி விட்ட கேம் பெட்டியிலும், அதைப் பார்த்துச் செய்து நம் ஊருக்கு வந்த பெட்டிகளிலும் மொத்தம் 60. அதில் ஒன்றிரண்டு ஒட்டாமல் போனால் படம் கலங்கும். கழற்றித் திரும்பச் செருகும்போது தகடுகள் உரசிக்கொண்டு பிடிக்கும், அவ்வளவுதான். நடுவில் நாம் ஊதியது எச்சில். அது தகட்டை அரிக்கத்தான் செய்யும். முன்பு இதை எழுதியதற்கு, இளமை நினைவைக் கெடுக்கிறேன் என்று நாலைந்து பேர் கோபமாகக் கடிதம் போட்டார்கள். போடட்டும். உண்மை அதுதான்.

சரி, என் கதை. 1994 கோடை விடுமுறை, குளச்சலில் அம்மா வீடு. சவுதியிலிருந்து வந்த மாமா டிவி கேம் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் கேசட், மேலே '99 இன் 1' என்று ஒட்டியிருக்கும். போட்டால் நாலைந்து விளையாட்டே திரும்பத் திரும்ப வரும். வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை டிவி. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி கேம் ஒயரைச் செருகி, படம் தெளியும்வரை மாமா குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். எட்டுப் பேருக்கு இரண்டு ரிமோட். என் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த சித்தி மகன் கத்தினான்: "லேய் மக்கா, மேகம் தரையில கெடக்கு பாத்தியால!"

அவன் சொன்னது சரி. மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம்தான். மேலே வெள்ளை, கீழே பச்சை. கலர் டிவி வைத்திருந்தவர்களுக்கு அது சட்டென்று தெரிந்திருக்காது. எங்களுக்கு இரண்டுமே சாம்பல் நிறம், அதனால் மாட்டிக்கொண்டது. 1985-இல் வந்த அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இடம் இல்லாததால் ஒரு படத்தை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே பனையோலையில் கடவப் பெட்டியும் முடைந்து பதனீர் குடிக்கப் பட்டையும் பிடிக்கிற ஊர்க்காரனுக்கு இந்தச் சிக்கனம் நன்றாகவே புரியும். எனக்கு அவர்கள் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை.

கடற்கரை ஊர் இல்லையா, ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்றுவிடும். பத்து நாளில் கேசட் படுத்துவிட்டது. ஊதினோம், ஆளுக்கு ஆள் ஊதினோம். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊதாதே மக்களே, துப்பல் படும்" என்றார். பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்தார். மெதுவாக, ஒரே திசையில், ஒவ்வொரு தகடாகத் தேய்த்தார். கறுத்துக் கிடந்தது பளபளவென்று வந்தது. காசு வாங்கவில்லை.

அந்த மாதிரிக் கடைகளைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். போன மாதம் என் மகனுடைய ஹெட்போனில் பேட்டரி போய்விட்டது. கடையில் கொடுத்தால், பசை போட்டு ஒட்டியிருக்கிறது, திறந்தால் உடையும், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். திருகாணி போட்டு மூட வேண்டியதைப் பசை போட்டு மூடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இந்தப் பக்கத்தில் அதை எத்தனை முறை எழுதினாலும் அலுக்காது.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கேசட் இன்னும் கிடந்தால் ஊதாதீர்கள். ரப்பரால் தேய்த்து, தூசியைத் துணியால் தட்டிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஓடினால் எனக்கு எழுதுங்கள்.