பாடசாலைகளில் மூத்த உளநலக் கேஸ் மனேஜராக வேலை செய்வது எப்படியிருக்கும்? பதவி உயர்வை ஏற்கலாமா?

கேள்வி கேட்டவர் ஆறு ஆண்டுகளாகப் பாடசாலைகளில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருப்பதாகவும், இப்போது மூத்த பதவி தேடி வந்திருப்பதாகவும், பிள்ளைகளை விட்டு மேசைக்குப் போய்விடுவேனோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார். நான் 2012 முதல் திருகோணமலை மாவட்டத்தில் இந்த வேலையில் இருக்கிறேன். 2018 இல் இதே மூத்த பதவிக்கு வந்தேன். ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பதவியின் முதல் ஆண்டிலேயே நான் விட்ட பிழையை மறைத்துவிட்டு அப்படிச் சொல்வது நேர்மையாகாது. அதனால் பதில் சற்று நீளும்.

முதலில், நான் மனநல வைத்தியர் அல்ல, உளவியலாளரும் அல்ல. நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வேலையில்லை. காகிதத்தில் ஒவ்வோர் அலுவலகமும் இந்தப் பதவிக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பேச்சில் எல்லோருக்கும் அது கேஸ் மனேஜர்தான். ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று கண்டறிந்து, அதைத் தரக்கூடியவரிடம் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்து, சேர்ந்ததா, பலன் கிடைத்ததா என்று தொடர்ந்து பார்ப்பதே வேலை. வைத்தியர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், அதிபர், வகுப்பாசிரியர் எல்லோரும் தத்தம் பகுதியைச் செய்வார்கள். அந்தப் பகுதிகளுக்கு இடையில் இருக்கும் வெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். அந்த வெளிக்குப் பொறுப்பானவர் நீங்கள்.

உத்தியோகத்தராக இருக்கும்போது உங்களிடம் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய முகம் தெரியும், வீட்டு நாயின் பெயரும் தெரியும். மூத்தவரானதும் உங்களுக்குக் கீழ் நான்கைந்து உத்தியோகத்தர்கள் வருவார்கள், அவர்களுடைய கோவைகள் எல்லாம் உங்கள் மேசைக்கு வரும், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுத்தாகவும் இலக்கமாகவும் மாறிவிடுவார்கள். எனக்கு நேர்ந்தது அதுதான்.

மூதூருக்கு அப்பால் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பாடசாலையில் தரம் 8 இல் ஒரு சிறுமி படித்தாள். பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். மூன்றாம் பாடவேளை அளவில் மயங்கி விழுவாள். வகுப்பு முழுவதும் அவளைச் சூழ்ந்துகொள்ளும், ஒருவர் தண்ணீர் தெளிப்பார், ஒருவர் விசிறுவார், பிறகு அம்மம்மாவைக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரத்தம், இதயம், மூளை எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு வைத்தியசாலையில் உடலில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மம்மா கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டுவித்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த முதியவருக்குத் தெரிந்த வழியில் அவர் செய்யக்கூடியதைச் செய்தார்.

என் கீழிருந்த இளம் உத்தியோகத்தர் பெப்ரவரியில் அவளைச் சந்தித்து, தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆவதையும், பல மாதங்களாகத் தொலைபேசித் தொடர்பு இல்லை என்பதையும் எழுதியிருந்தார். நாங்கள் வழமையாகப் பயன்படுத்தும் 25 வாக்கியங்கள் கொண்ட வினாக்கொத்தையும் நிரப்பியிருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், அதில் உணர்ச்சி, நடத்தை, துடிதுடிப்பு, சகபாடிகளுடனான உறவு, பிறருக்கு உதவும் இயல்பு என்று ஐந்து பகுதிகள் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘உண்மையில்லை’, ‘ஓரளவு உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என்று மூன்றிலொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். முதல் நான்கு பகுதிகளைக் கூட்டினால் ஆகக் கூடியது 40 புள்ளிகள். நோயை உறுதிப்படுத்த அது உதவாது, யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சல்லடை போட மட்டுமே உதவும். அவளுடைய நடத்தைப் புள்ளி பூச்சியத்தை ஒட்டியிருந்தது, உணர்ச்சிப் புள்ளி உச்சத்தில் நின்றது. இந்த இரண்டையும் எப்போதும் பிரித்துப் பாருங்கள். கதிரையைத் தூக்கி எறிகிற பையனை அன்றே எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். சுவரோரமாக ஒடுங்கியிருக்கும் பிள்ளையை அனுப்ப ஒரு தவணை போய்விடும். ஆசிரியர்களைக் குற்றஞ்சாட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டிய ஒருவருக்கு, சத்தம் போடாத பிள்ளை ஆறுதலாகவே தெரியும்.

உத்தியோகத்தர் நகரத்திலுள்ள மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கோவையில் ‘பாரப்படுத்தப்பட்டது’, அதாவது வேறிடத்துக்கு அனுப்பப்பட்டது, என்ற கட்டத்தில் சரி அடையாளம் இட்டார். காலாண்டு அறிக்கை வந்தது. நான் அந்தச் சரி அடையாளத்தை எண்ணினேன், கையொப்பமிட்டேன். அந்தப் பக்கத்தைப் புரட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஜூன் மாதத்தில் வேறு விடயமாக அதே பாடசாலைக்குப் போனேன். கடல் அமைதியாக இருக்கும் அந்த மாதங்களில் கரைவலை இழுக்கப் போகும் பையன்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள். இழுத்தால் அன்றே கையில் காசு. அப்படி இரண்டு பேரைத் தேடிப் போனபோதுதான் இந்தச் சிறுமி விறாந்தையில், சீமெந்துத் தூணில் தலையைச் சாய்த்து, தனியே இருப்பதைக் கண்டேன். ‘கிளினிக்குக்குப் போய் வாறியா பிள்ளை?’ என்று கேட்டேன். ‘ஒருக்காத்தான் மிஸ் போனது. போர்ட்டைப் பார்த்திட்டு அம்மம்மா திரும்பி வந்திட்டா’ என்றாள்.

அன்று மாலை அம்மம்மாவின் வீட்டுக்குப் போனேன். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, கிண்ணியாப் பாலம் தாண்டி, ஒரு நாள் கூலியைப் பயணத்துக்கே செலவழித்துப் போயிருக்கிறார்கள். ‘மனநலப் பிரிவு’ என்ற பலகையைக் கண்டதும் தயங்கி நின்றிருக்கிறார். வரிசையில் தன் ஊர்ப் பெண் ஒருத்தியும் இருந்திருக்கிறாள். ‘பிள்ளை, நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்க வேண்டாமா? பைத்தியம் எண்டு ஊர் சொல்லாதா?’ என்று என்னிடம் கேட்டார். ஊரவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் அவர்களை நகரத்துக்கே அனுப்பியிருந்தோம். கூடப் போக ஒருவரை அனுப்பவில்லை. போனார்களா என்று ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. நான்கு மாதங்கள் அந்தப் பிள்ளை விழுந்தபடியே இருந்திருக்கிறாள். என் அறிக்கையில் அவள் முடிந்த கணக்கு.

இளம் உத்தியோகத்தரின் பிழைதானே என்று என் மேலதிகாரி ஆறுதல் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. அந்த உத்தியோகத்தருக்குப் பதினொரு பாடசாலைகள் இருந்தன, பயணச் செலவு கைக்கு வர இரண்டு மாதம் ஆகும். அதைத் தெரிந்திருந்தும் ‘சேர்ந்ததா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் இருந்தது நான்.

அடுத்த வாரம் அவளை என்னுடன் பேச வைக்க முயன்றேன். அந்தப் பாடசாலையில் உளவளத்துணைக்கென ஒதுக்கிய அறை உண்மையில் விளையாட்டுப் பொருட்களின் களஞ்சியம். கரம் பலகைகள் சுவரில் சாய்ந்திருக்கும், காற்றுப் போன பந்துகள் சாக்கில் கிடக்கும், கதவை மூடினால் வெக்கை, திறந்தால் எட்டிப் பார்க்க நூறு கண்கள். நான் எதுவும் கேட்காமல் வரைவதற்குத் தாள் கொடுத்தேன். பென்சில் எடுக்கத் தன் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தவள், அதற்குள்ளிருந்து சுரண்டி முடித்த ரீலோட் கார்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினாள். ஏழு கார்ட்டுகள். ஒவ்வொன்றும் அம்மாவுக்கு அழைப்பதற்காக அம்மம்மா வாங்கிக் கொடுத்தது. முதல் இரண்டில் அம்மா பேசினாராம். மூன்றாவதில் மணி அடித்தது, எடுக்கவில்லை. அதன் பிறகு மணியும் அடிக்கவில்லை. அவள் அழவில்லை. நகத்திடுக்கில் இருந்த வெள்ளித் துகளைத் தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறு கிளினிக் நாளில் நான் அவர்களுடன் பஸ்ஸில் போனேன். முன்கூட்டியே தாதிய உத்தியோகத்தரிடம் பேசி, கூட்டம் குறையும் நேரத்தைக் கேட்டு வைத்திருந்தேன். வைத்தியர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசினார், மூன்று வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார். பாடசாலைக்கு அவர் சொல்லியனுப்பியது எளிமையானது. உடல் நோய் இல்லை என்று உறுதியாகிவிட்டதால், மயங்கினால் கூட்டம் கூட விடாமல், அடிபடாதபடி பக்கவாட்டில் படுக்க வைத்து, ஓர் ஆசிரியர் மட்டும் அருகில் இருந்து, தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்புக்கே திருப்பி அழைத்துச் செல்ல வேண்டும். நடிப்பு என்று யாரும் சொல்லக்கூடாது; அவள் நடிக்கவில்லை. இந்த ஒன்றை ஆசிரியர் கூட்டத்தில் விளக்க எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது.

இன்னொரு பக்கம் தாயைத் தேடினோம். வெளிநாடு செல்லும் தாய்மாருக்கு 2013 இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையில், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தது, ஆனால் அதில் பாதுகாவலராகக் குறிக்கப்பட்ட சித்தி திருமணம் முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். பிரதேச செயலகத்தினூடாக விசாரித்து ஆறு வாரங்களுக்குப் பிறகு தாயின் புதிய இலக்கம் கிடைத்தது. வீடு மாறியிருந்தார், பழைய தொலைபேசியை முதலாளி வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அன்று அந்தச் சிறுமி அம்மாவுடன் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மயக்கம் உடனே நிற்கவுமில்லை. அடுத்த தவணையில் குறைந்தது, அதற்கடுத்த ஆண்டில் மூன்று முறை மட்டும் வந்தது. இதை வெற்றிக் கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு மாதங்களை அவளிடமிருந்து நாங்கள் எடுத்துவிட்டோம்.

இங்கே என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நிதி தந்தவர்களின் படிவத்தில் ‘எத்தனை பிள்ளைகள் பயனடைந்தனர்’ என்ற கேள்வி இருந்தது. கடிதம் கொடுத்தாலே பயனடைந்த பிள்ளை. ஒரே பிள்ளையுடன் மூன்று முறை பஸ்ஸில் போனால் அதுவும் ஒன்றுதான், போகாமல் விட்டாலும் ஒன்றுதான். திட்டம் டிசம்பரில் முடியும், ஜனவரியில் புதிய இலக்கு வரும், பழைய பிள்ளைகள் ‘முடிவுற்ற கேஸ்’ ஆகிவிடுவார்கள். போர், சுனாமி, மீண்டும் போர், இடப்பெயர்வு என்று பட்ட மாவட்டம் இது. 2006 இல் சம்பூரை விட்டுப் போனவர்களில் பலர் 2015 க்குப் பிறகுதான் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டில் முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோர். அவர்களிடம் போய், உங்கள் பிள்ளையின் துயரம் நிதியாண்டோடு முடிகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அலுவலகத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று அன்று சிலர் முகம் சுளித்தார்கள். இன்றும் அதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதவியை ஏற்குமுன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவது, குறைந்தது நான்கு பிள்ளைகளை உங்கள் சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமை. முகம் தெரிந்த பிள்ளைகள் சிலராவது இருந்தால்தான் மற்றக் கோவைகளை வாசிக்கும்போது அவற்றுக்குப் பின்னாலும் முகங்கள் இருப்பது நினைவிருக்கும். உங்கள் உத்தியோகத்தர்களின் பயணச் செலவு எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள்; கூடப் போவதா கடிதம் மட்டும் கொடுப்பதா என்பதை அந்தப் பணம்தான் தீர்மானிக்கும். உங்களை யார் மேற்பார்வை செய்வார், மாதத்தில் எத்தனை மணித்தியாலம் உங்கள் மனச்சுமையைக் கேட்பார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஓர் அதிபர் அழைத்தால் என்ன செய்வது என்ற ஒழுங்கும் இருக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்களை ஒவ்வோர் அதிபரின் மேசையிலும் ஒட்டிவிடுங்கள். எல்லா இரவுகளையும் உங்களால் தனியே தாங்க முடியாது.

அந்த ஜூனுக்குப் பிறகு எங்கள் கோவைத் தாளில் ‘பாரப்படுத்தப்பட்டது’ என்ற கட்டத்துக்கு அருகில் பேனையால் இன்னொரு கட்டம் வரைந்தேன். ‘சேர்ந்தது – திகதி – கூடப் போனவர்’ என்று தலைப்பிட்டேன். மேலிடம் அதை ஏற்கவில்லை, அச்சடித்தும் தரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டரைக்கு உத்தியோகத்தர்கள் ஐவரும் வந்திருக்கும்போது, அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும் பிள்ளைகளின் பெயரை மட்டும் சத்தமாக வாசிக்கிறேன். நேற்று ஒன்பது பெயர்கள் இருந்தன.